குழந்தைகளின் முதல் ஓபரா: மாயப் புல்லாங்குழலா, ஹான்சலும் கிரேட்டலுமா?

இரண்டுமே ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட தேவதைக் கதை ஓபராக்கள்தான், அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகங்கள். மோசார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ 1791இல் வியன்னாவில் அரங்கேறியது. பாட்டுக்கு நடுவே வசனமும் வருவதால் கதையோடு ஒட்டிக்கொள்வது சுலபம். பறவை பிடிக்கும் பாப்பகேனோ வந்தாலே சிரிப்புதான். இரவு ராணியின் உச்சஸ்தாயிப் பாட்டுக்குப் பெரியவர்களே வாயைப் பிளப்பார்கள். ஆனால் இரண்டரை மணி நேரம் ஓடும். பிற்பாதியில் பூசாரிகளும் சோதனைகளும் வரும்போது சின்னவர்கள் நெளிய ஆரம்பித்துவிடுவார்கள்.

ஜெர்மன் இசையமைப்பாளர் ஹம்பர்டிங்கின் ‘ஹான்சலும் கிரேட்டலும்’ 1893இல் ஜெர்மனியின் வைமர் நகரில் மேடையேறியது. இசைக்குழுவை நடத்தியவர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ். இடைவேளையைக் கழித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மெட்டுகள் நாட்டுப்பாடல் போல எளியவை. வாத்திய இசை மட்டும் இசையமைப்பாளர் வாக்னரின் பாணியில் கனமானது, சில இடங்களில் சொற்களை விழுங்கிவிடும். மூலக் கதையில் நடப்பதுபோல இங்கே பெற்றோர் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வருவதில்லை. கோபத்தில் அம்மா பழம் பறிக்க அனுப்புகிறாள், அவ்வளவுதான். இந்த மாற்றம் எனக்குப் பிடிக்கும். சூனியக்காரி அடுப்புக்குள் போவது அப்படியே இருக்கிறது, சரி, அதைத்தான் பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள்!

ஆறேழு வயதென்றால் என் ஓட்டு ஹான்சலுக்கு. பத்து வயதுக்கு மேல் மோசார்ட்.