தறப்பாளுக்குள் ஒரு விண்நிலையம்: கிளிநொச்சியில் நடக்கும் பாவனைப் பயிற்சி பற்றி

கிளிநொச்சி நகரில் ஏ9 வீதியை அண்டி இயங்கும் ஒரு தனியார் கல்வி நிலையம், உயர்தர மாணவர்களுக்காகப் பாடசாலை விடுமுறையில் நடத்துகின்ற ஒருநாள் பாவனைப் பயிற்சிக்கு, நான் கற்பிக்கும் அரசியல் விஞ்ஞான மாணவர்களையும் பௌதிகவியல் மாணவர்கள் சிலரையும் அழைத்துச் சென்றிருந்தேன். பூமிக்கு மேலே ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றிவரும் பன்னாட்டு விண்நிலையம் ஒன்றில், பணியாளர் எழுவருள் இருவர் மற்றைய ஐவரையும் பணயமாகப் பிடித்துவிடுகிறார்கள். அவர்களோடு பேசித் தீர்ப்பதா, படையை அனுப்பி மீட்பதா என்பதைக் கீழே இருப்பவர்கள் ஒரே நாளில் தீர்மானிக்க வேண்டும். இதுதான் பயிற்சியின் கரு. இப்படி ஒரு சம்பவம் விண்வெளியில் இதுவரை நடந்ததில்லை என்றாலும், இந்தக் கற்பனைக்குள் வைக்கப்பட்டிருக்கும் விதிகளிற் பெரும்பாலானவை உண்மையானவை. பிள்ளைகளை அனுப்பலாமா என்று கேட்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் என் பதில், கட்டாயம் அனுப்புங்கள் என்பதே. ஆனால் பயிற்சியில் ஒரு பாரிய குறை இருக்கிறது. அதைத் திருத்தாமல் தொடர்ந்து நடத்துவது சரியல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மண்டபத்தின் நடுவே சவுக்கந்தடிகளைக் கட்டி, அவற்றைச் சுற்றித் தறப்பாளை இழுத்து, விண்நிலையத்தை அமைத்திருந்தார்கள். உள்ளே வரிசையாகச் சிறு அறைகள். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் குனிந்துதான் போகலாம். நிலையத்தின் வாசலில் சோடா மூடிகள் கோத்த நீளமான கயிறு ஒன்று தொங்குகிறது. அந்த மூடிகள்தான் காற்று. ஒவ்வொரு கால் மணித்தியாலத்துக்கும் உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்காகவும் ஒரு மூடி கழற்றப்படும். யாராவது ஓடினாலோ சண்டையிட்டாலோ கூடுதலாக ஒன்று போகும். மனிதர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 0.84 கிலோகிராம் அளவில் ஒட்சிசன் வேண்டும், அவர் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறார் என்பதை வகுப்பறையில் எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகளுக்கு அது பரீட்சைக்குரிய ஓர் எண்ணாகவே இருக்கும். மத்தியான வெக்கையில் தறப்பாளுக்குள் ஏழு பேராக அடைந்திருந்து, பொறுப்பாளர் வந்து மூடிகளைக் கழற்றித் தகரப் பேணிக்குள் போடும் சத்தத்தைக் கேட்ட பிறகு, பிடித்துவைத்திருப்பவரும் பிடிபட்டவரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள் என்பதை அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

நிலையத்தின் ஒரு பக்கத்தில் பேச்சாளர் குழுவுக்கு ஓர் அறையும் மறுபக்கத்தில் படைக் குழுவுக்கு ஓர் அறையும் ஒதுக்கப்பட்டிருந்தன. இரு குழுக்களும் ஒன்றை ஒன்று பார்க்க முடியாது. முடிவெடுக்கும் நெருக்கடிக் குழு மட்டும் இரண்டு அறைகளுக்கும் போய்வரலாம். இந்த ஏற்பாடுதான் பயிற்சியின் உயிர். படையை விரும்புவோரும் பேச்சை விரும்புவோரும் எதிரெதிரே நின்று விவாதிக்கும் மேடைப் பட்டிமன்றமாக இதை ஆக்கியிருந்தால் ஒரு மணித்தியாலத்தில் சலித்திருக்கும். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் இருக்கும்போதுதான் உண்மையான சிக்கல் வெளியே வருகிறது.

முன்கூட்டித் தரப்படும் கைந்நூலில் பூமியில் நடந்த சம்பவங்கள் சில சுருக்கமாக உள்ளன. தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தினர் 52 பேர் 444 நாட்கள் தடுத்துவைக்கப்பட்டதும், 1980 ஏப்ரலில் அவர்களை மீட்கப் போன படை நடவடிக்கை பாலைவனத்திலேயே குலைந்து எட்டுப் படையினர் இறந்ததும், அந்த நடவடிக்கையை எதிர்த்த வெளியுறவுச் செயலாளர் சைரஸ் வான்ஸ் பதவி விலகியதும், ஈற்றில் அல்ஜீரியாவின் நடுநிலை முயற்சியால் 1981 ஜனவரி 20 அன்று அவர்கள் விடுவிக்கப்பட்டதும் நன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் லீமா பற்றிய பக்கம் எனக்குத் திருப்தி தரவில்லை. 1996 டிசெம்பரில் பெருவின் தலைநகரிலுள்ள யப்பானியத் தூதுவரின் இல்லம் கைப்பற்றப்பட்டு, 126 நாட்களின் பின்னர் படையினர் நிலக்கீழ்ச் சுரங்கங்கள் வழியே புகுந்து, அப்போது எஞ்சியிருந்த 72 பணயக்கைதிகளுள் 71 பேரை மீட்டதைக் கைந்நூல் வெற்றியாகச் சொல்லி முடித்துவிடுகிறது. படையினர் இருவர் இறந்ததும், பிடித்துவைத்திருந்த 14 பேரில் ஒருவர்கூட உயிர் தப்பாததும் அங்கே இல்லை. அவற்றைவிட முக்கியமாக, பேராயர் சிப்ரியானி போன்றவர்கள் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே சுரங்கமும் வெட்டப்பட்டது என்பதும், பேச்சையே படையின் மறைப்பாக்கினால் அடுத்த முறை பேச வருபவரை யார் நம்புவார் என்பதும் மாணவர்கள் கட்டாயம் எதிர்கொள்ள வேண்டிய விடயங்கள்.

படைக் குழுவுக்கான விதிகள் ஓர் இடத்தில் மிகச் சரியாகவும் இன்னோர் இடத்தில் மிகப் பிழையாகவும் உள்ளன. சரியானதை முதலில் சொல்கிறேன். விண்நிலையத்தின் மீது திடீர்த் தாக்குதல் என்பது நடைமுறையில் இயலாதது. வரும் கலம் நெடுநேரத்துக்கு முன்பே தெரிந்துவிடும். அது வந்து பொருந்திய பின்னரும் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, இரு பக்க அழுத்தத்தையும் சமப்படுத்திய பிறகுதான் கதவைத் திறக்கலாம். உள்ளே இருப்பவர் விரும்பாவிட்டால் அந்தக் கதவைத் திறப்பது எளிதல்ல. சுவரைத் துளைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1971 யூனில் சோயுஸ் 11 கலத்தின் வால்வு ஒன்று உரிய நேரத்துக்கு முன்பே திறந்து, காற்று வெளியேறி, மூன்று விண்வெளி வீரர்களும் இறந்தது போதிய சான்று. இவற்றையெல்லாம் விதிகளில் கொண்டுவந்திருக்கிறார்கள். கதவை உடைத்துக்கொண்டு உள்ளே பாயும் ஆசையோடு வந்த என் மாணவர்கள் அரை மணித்தியாலத்திலேயே வேறு வழி தேடத் தொடங்கினார்கள்.

பிழையானது, அவர்கள் கண்டுபிடித்த அந்த வேறு வழி. மயக்க வாயு என்று ஓர் அட்டை இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் உள்ளே அனைவரும் உறங்கிவிடுவார்கள், மீட்பு முடிந்துவிடும், ஒரு மூடிகூடக் கழற்றப்படாது. 2002 ஒக்ரோபரில் மொஸ்கோ நாடக அரங்கில் ஆயுததாரிகள் பிடித்துவைத்திருந்தவர்களை மீட்க ரஷ்யப் படையினர் இதைத்தான் செய்தார்கள். ஏறத்தாழ 130 பணயக்கைதிகள் இறந்தார்கள், அவர்களிற் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது அந்த வாயுவே. சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கு என்ன வாயு என்றுகூடச் சொல்லப்பட்டிருக்கவில்லை. அந்த அரங்கிலிருந்து மக்களை வீதிக்குத் தூக்கிவரவாவது முடிந்தது; திறக்க யன்னலே இல்லாத ஒரு நிலையத்தில் அதே வாயுவைச் செலவில்லாத தீர்வாகப் பிள்ளைகளின் கையில் கொடுப்பது பெரும் தவறு. அந்த அட்டையை நீக்க வேண்டும், அல்லது அதற்குரிய விலையைக் கயிற்றில் காட்ட வேண்டும்.

விண்வெளிக்கு ஆயுதம் போனதே இல்லை என்று ஒரு மாணவனுக்குச் சொல்லப்பட்ட பதிலும் திருத்தப்பட வேண்டியது. சோவியத்தின் சல்யூட் 3 நிலையத்தில் பீரங்கி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. பணியாளர் யாரும் இல்லாத வேளையில் 1975 ஜனவரியில் அது சுட்டுப் பார்க்கப்பட்டது. தரையிறங்கும் காட்டில் ஓநாய், கரடிகளிடமிருந்து தப்புவதற்காகச் சோயுஸ் கலங்களிலும் துப்பாக்கி நீண்ட காலம் கொண்டுசெல்லப்பட்டது.

பேச்சாளராக இருந்தவள் எங்கள் மாணவி. பிடித்துவைத்திருப்பவர்களின் கோரிக்கைகளை முதலிற் கேட்டு எழுதும்படி வழிகாட்டித் தாள் சொல்கிறது. அவள் வோக்கி டோக்கியை எடுத்து, “அண்ணை, நீங்கள் சாப்பிட்டனீங்களோ?” என்று கேட்டாள். மறுபக்கத்தில் சற்று நேரம் பதில் இல்லை. “சாப்பாடு கிடக்கு தங்கச்சி, காத்துத்தான் குறையுது” என்று வந்தது. “அப்ப உங்களோட இருக்கிற ஆக்களும் சாப்பிட்டிட்டினமோ?” என்றாள். அந்தப் பாத்திரத்தை ஏற்றிருந்த மாணவன் திரும்பி, அதுவரை முதுகு காட்டியிருந்த ஐவரையும் பார்த்து அதே கேள்வியைக் கேட்டான். தாள் சொல்லிக்கொடுக்காத ஒன்றை அவள் தன் வீட்டுப் பழக்கத்திலிருந்தே செய்தாள். அன்றைய நாளில் நான் கண்ட மிகச் சிறந்த இராசதந்திரம் அதுதான்.

அதன் பிறகு அவள் சட்டத்தையும் கையில் எடுத்தாள். கைந்நூலின் சட்டப் பகுதியை மனமாரப் பாராட்ட வேண்டும். 1967 ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தத்தின்படி பதிவு செய்த நாட்டுக்கே கலத்தின் மீதும் அதிலுள்ளவர்கள் மீதும் நியாயாதிக்கம், அதாவது சட்ட அதிகாரம், உண்டு என்பதையும், பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்காக 1998 இல் கையெழுத்தான உடன்படிக்கையின் 22 ஆவது உறுப்புரை குற்றவியல் நியாயாதிக்கத்தை ஒவ்வொரு நாடும் தன் பிரசைகள் மீது செலுத்தலாம் என்று சொல்வதையும், பணயக்கைதிகளைப் பிடிப்பதற்கு எதிரான 1979 ஆம் ஆண்டுச் சமவாயத்தையும் பாடப்புத்தகத்தை விடத் தெளிவாக விளக்கியிருக்கிறார்கள். “வேற நாட்டுக் கோட்டில எங்களை நிப்பாட்டுவீங்கள்” என்று பயந்தவனிடம், அவனுடைய சொந்த நாட்டிலேயே வழக்கு நடப்பதற்கு இடமிருக்கிறது என்று அவளால் பொய் சொல்லாமலே கூற முடிந்தது. ஒருவன் வெளியே வரச் சம்மதிக்கும் நிலைக்கு வந்திருந்தான். அந்த நேரத்தில்தான் படைக் குழு வாயு அட்டையை வைத்தது. “நான் சொன்னதெல்லாம் பொய்யாப் போச்சு, ரீச்சர்” என்று வந்து நின்றவளுக்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. இதைப் பற்றிப் பேசுவதற்கென்று ஒதுக்கப்பட்ட நேரம் மிகக் குறைவு. பயிற்சியில் அரை நாளையாவது பின்னுரையாடலுக்கு வைத்திருக்க வேண்டும்.

இனி அந்தப் பாரிய குறை. பணயக்கைதிகளாக நடித்த ஐவருக்கும் கொடுக்கப்பட்ட அட்டைகளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: அமைதியாக இருங்கள். பொறியியலாளர் பாத்திரத்தில் இருந்த பௌதிகவியல் மாணவன், “காத்தைச் சுத்திகரிக்கிற மெசினை நான் பாக்காட்டி எல்லாருக்குந்தான் மூச்சு முட்டும்” என்று சொல்ல வாயெடுத்தபோது, பணயக்கைதிகள் கதைக்க ஏலாது என்று பொறுப்பாளர் நிறுத்திவிட்டார். விண்வெளி நிலையத்தைப் பற்றி அந்த அறையில் அன்று சொல்லப்பட்ட மிக முக்கியமான செய்தி அப்படியே அடக்கப்பட்டது. 2007 யூனில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதிக் கணினிகள் செயலிழந்தபோது, உள்ளே இருந்த ரஷ்ய விண்வெளி வீரர்கள் யுர்ச்சிகினும் கோத்தொவும்தான் மாற்று இணைப்புக் கம்பி போட்டு அவற்றை உயிர்ப்பித்தார்கள். அத்தகைய இடத்தில் பணயமாக இருப்பவர்களே மற்றவர்களை உயிரோடு வைத்திருப்பவர்கள். பிடித்தவர் அவர்களைச் சார்ந்திருக்கிறார்; பேச்சாளருக்கு அவர்கள் துணை; படை உள்ளே வந்தால் முதலில் இறக்கக்கூடியவர்களும் அவர்களே. அவர்களை ஊமைகளாக்கிய விளையாட்டு, கணக்கிலும் பிழை, அறத்திலும் பிழை.

இது வன்னியில் நடக்கும் பயிற்சி என்பதால் இந்தக் குறை எனக்கு இன்னும் கனமாகத் தெரிகிறது. 2002 பெப்ரவரி 22 அன்று கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் வெளிநாட்டு இராசதந்திரிகள் வந்துபோன நகரம் இது. 2008 ஜனவரியில் அந்த உடன்படிக்கை முடிவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு நடந்ததைப் பற்றி ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் வெளியிட்ட அறிக்கை, பாதுகாப்பு வலயங்கள் மீது அரச படையினர் எறிகணை வீசியதையும், வெளியேற விடாமல் விடுதலைப் புலிகள் மக்களைப் பணயமாக வைத்திருந்ததையும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகளாகச் சேர்த்தே பதிவு செய்தது. எங்கள் மாணவர்களின் தாய் தகப்பன்மார் அந்த மக்களுக்குள் இருந்தவர்கள். ஏற்பாட்டாளர்கள் இதைப் பற்றி எதுவும் பேசாமல் விண்வெளிக்குப் போனதன் காரணம் எனக்கு விளங்குகிறது. அந்தத் தூரம் இல்லாமல் பிள்ளைகள் இவ்வளவு சுதந்திரமாகக் கதைத்திருக்க மாட்டார்கள். ஆனால் மத்தியானச் சாப்பாட்டின்போது ஒருத்தி தானாகவே, “உள்ளுக்கை இருக்கிற சனத்திட்ட என்ன வேணுமெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை” என்றாள். அவள் சொன்னது விண்நிலையத்தை மட்டுமா என்று நான் கேட்கவில்லை.

குறைகளைப் பொறுப்பாளரிடம் நேரிலேயே சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டு, ஐந்து அட்டைகளுக்கும் புதிய வாசகங்களை மாணவர்களே எழுதி அனுப்பினால் அடுத்த சுற்றில் சேர்ப்பதாகச் சொன்னார். எழுதும் வேலை தொடங்கிவிட்டது. ஏனைய ஒழுங்குகளில் பெரிதாகக் குறை சொல்வதற்கில்லை. கட்டணம் ஒரு பாடத்துக்கான மாத ரியூசன் காசை விடக் குறைவு. மத்தியானச் சோறும் பிளேன்ரீயும் அதற்குள் அடக்கம். மின்சாரம் நின்றபோது மண்டபத்தில் மாற்று ஏற்பாடு இருக்கவில்லை என்பதால், வெக்கை தாங்காத பிள்ளைகளை நிலையத்துக்குள் நடிக்கவிடாமல் வெளி அறைகளில் வைத்துக்கொள்வது நல்லது. தறப்பாளுக்குள் போக விரும்பாத பிள்ளை இருந்தால் காரணம் கேட்காமல் வேறு பாத்திரம் கொடுக்கிறார்கள். புதுக்குடியிருப்பு, மாங்குளம் பக்கத்திலிருந்து வருபவர்கள் பின்னேரப் பேருந்தைத் தவறவிடாமல் இருக்க, நிறைவு நேரத்தை முன்கூட்டியே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.