குரூப் செலக்ட் பண்ண 1500 ரூபா

தம்பி பத்தாவது முடிச்சதும் ப்ளஸ் ஒன்ல எந்த குரூப்னு வீட்டுல ஒரே சண்டை, சரின்னு பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இருக்க ஒரு கேரியர் கைடன்ஸ் சென்டருக்கு கூட்டிட்டு போனேன், 1500 ரூபா. ஏசி, காபி எல்லாம் ஓகே. ஆனா அந்த சார், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தா தான் பிஇ சிஎஸ்இ கிடைக்கும்னு அடிச்சு சொல்றாரு! நானே பயோ மேக்ஸ் படிச்சிட்டு சிஎஸ்இ முடிச்சவ சார். டிஎன்இஏ (நம்ம தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங்) கட்ஆஃப் 200ல மேக்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, அவ்ளோதான், நாலாவது சப்ஜெக்ட் (பயாலஜியோ கம்ப்யூட்டர் சயின்ஸோ) அந்த 200ல வரவே வராது. மேக்ஸே இல்லாத ப்யூர் சயின்ஸ் எடுத்தா தான் பிஇ சிஎஸ்இய மறந்துடணும், அத அவர் வாயே திறக்கல. பயோ மேக்ஸ்னா நீட்டும் எழுதலாம், பிஇக்கும் போடலாம் (ரெக்கார்ட் நோட்ல படம் வரைஞ்சே கை ஒடிஞ்சிடும், அது வேற).

அங்க இருந்த ஒரு அக்கா மட்டும், மேக்ஸ்ல 10 மார்க் போனா கட்ஆஃப்ல 10 போகும், பிசிக்ஸ்ல 10 போனா 5 தான்னு போர்டுல போட்டு காமிச்சாங்க, தம்பிக்கு அது டக்குனு புரிஞ்சுது. அந்த அக்காவுக்காக 5க்கு 2 ஸ்டார்.