விண்டோஸ் 11-க்கு மாறியபின் தண்டர்பேர்ட்: பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டே இருந்தால்

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தது. அதையொட்டி பெங்களூரில் எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளுக்கு நல்ல வேலை. பீனியா பட்டறைகளிலும் சிவாஜிநகர், அல்சூர் பக்கத்துச் சின்ன ஆபீஸ்களிலும் சிஸ்டங்கள் வரிசையாக 11-க்குப் போயின. அந்த சிஸ்டங்களில் மெயில் பார்க்கத் தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருளைப் போட்ட கையோடு எங்களுக்கு வரும் முதல் போன், "அண்ணா, சரியான பாஸ்வேர்டைத்தான் போடறேன், தப்புன்னே சொல்லுது." அரை மணி கழித்து அடுத்தது, "பாஸ்வேர்டையே மாத்திட்டேன், அப்பவும் வரல."

இந்த இரண்டாவது போனில்தான் வேலை இரட்டிப்பாகிறது. கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால், அதுவரை எடுத்து வைத்திருந்த ஆப் பாஸ்வேர்டுகள் (வெளி மென்பொருள், கருவிகளுக்கென்று கூகுள் தனியாகத் தருபவை) எல்லாம் அந்த நிமிடமே செத்துப்போகும். டேலியிலிருந்து இன்வாய்ஸ் மெயில் போகாது, ஸ்கேனரிலிருந்து மெயிலுக்கு அனுப்புவதும் நின்றுவிடும். ஒரு சிஸ்டத்தில் இருந்த கோளாறு ஆபீஸ் முழுக்கப் பரவும். அதனால் பாஸ்வேர்ட் மாற்றுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பிரவுசரைத் திறந்து அதே பாஸ்வேர்டோடு மெயிலுக்குள் போய்ப் பாருங்கள். உள்ளே விட்டால் பாஸ்வேர்ட் சரி, கோளாறு வேறு எங்கோ.

பிரவுசரிலும் விடவில்லையா? நோட்பேடில் அந்தப் பாஸ்வேர்டை அடித்துக் கண்ணால் பாருங்கள். புதிதாக விண்டோஸ் போடும்போது கீபோர்டை 'யுனைடெட் கிங்டம்' என்று தேர்ந்தெடுத்திருந்தால், '@' அடிக்கும் இடத்தில் இரட்டை மேற்கோள் விழும், '#' அடித்தால் பவுண்ட் குறி விழும். பாஸ்வேர்ட் பெட்டியில் எல்லாமே கரும்புள்ளி என்பதால் தெரியாது. விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் பாரை அழுத்தி லேஅவுட்டை மாற்றினால் முடிந்தது. பார்த்தபின் நோட்பேடைச் சேமிக்காமல் மூடுங்கள். அது திறந்து கிடக்கும் மேசைகள் ஏராளம்.

அடுத்த கேள்வி, விண்டோஸை மேலேயே ஏற்றினார்களா, புது எஸ்.எஸ்.டி. மாட்டிச் சுத்தமாகப் போட்டார்களா? மேலேயே ஏற்றினால் தண்டர்பேர்டின் ப்ரொஃபைல் ஃபோல்டர் (கணக்கு அமைப்பு, பாஸ்வேர்ட், மெயில் எல்லாம் கிடக்கும் இடம்) அப்படியே இருக்கும், பெரும்பாலும் தொந்தரவு வராது. சுத்தமாகப் போட்டால் எதுவும் இருக்காது. அங்கேதான் ஜிமெயில்காரர்கள் மாட்டுகிறார்கள். பழைய சிஸ்டத்தில் எப்போதோ யாரோ ஒரு ஆப் பாஸ்வேர்ட் எடுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார்கள்; அது சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. இப்போது புது சிஸ்டத்தில் நீங்கள் போடுவது ஜிமெயிலின் சாதாரணப் பாஸ்வேர்ட். 2022 மே 30 முதலே தனிநபர் கணக்குகளில், வெளி மெயில் ஆப்களிலிருந்து வரும் சாதாரணப் பாஸ்வேர்டை கூகுள் ஏற்பதை நிறுத்திவிட்டது. சரியான பாஸ்வேர்டுதான், ஆனால் அந்தக் கதவுக்கு உரியதல்ல.

தண்டர்பேர்டின் பெரிய குறை இந்த இடத்தில் காட்டும் பெட்டி. 'லாகின் தோல்வி' என்று ஒரு வரி, கீழே மூன்று பொத்தான்: மறுபடி முயல, புதுப் பாஸ்வேர்ட் கொடுக்க, ரத்துசெய்ய. காரணம் பாஸ்வேர்டா, அனுமதி முறையா என்று பிரித்துச் சொல்வதில்லை. பார்ப்பவர் புதுப் பாஸ்வேர்ட் பொத்தானையே அழுத்துவார். நீங்கள் ரத்து செய்யுங்கள். அக்கவுண்ட் செட்டிங்ஸில் சர்வர் செட்டிங்ஸ் போய், அத்தென்டிகேஷன் முறையை 'ஓஆத்2' ஆக்குங்கள், அதாவது கூகுளின் சொந்த லாகின் ஜன்னல் வழியாக அனுமதி வாங்கும் முறை. மெயில் வாங்கும் ஐமேப்புக்கு போர்ட் 993, பாதுகாப்பு எஸ்.எஸ்.எல்/டி.எல்.எஸ். பிறகு அதே ஜன்னலில் இடப்பக்கப் பட்டியலின் அடியில் இருக்கும் அவுட்கோயிங் சர்வரிலும் அதையே மாற்றுங்கள். போர்ட் 465 அல்லது 587. 587 என்றால் ஸ்டார்ட்-டி.எல்.எஸ். இந்த இரண்டாவதை மறந்துவிட்டு, 'மெயில் வருது, போகல' என்று சொல்பவர்களே அதிகம். வாங்குவதும் அனுப்புவதும் இரண்டு சர்வர், இரண்டு பூட்டு.

பிறகு பழைய பதிவைத் துடைக்க வேண்டும். செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சேவ்டு பாஸ்வேர்ட்ஸ். அங்கே 'ஐமேப்', 'எஸ்.எம்.டி.பி' (மெயில் அனுப்புவதற்கானது), 'ஓஆத்' என்று தொடங்கும் வரிகள் இருக்கும். அந்தக் கணக்குக்கு உரியதை மட்டும் நீக்கி, தண்டர்பேர்டை மூடித் திறந்தால் கூகுளின் லாகின் ஜன்னல் வரும். வராமல் வெள்ளையாக நின்றால், அதே பக்கத்தில் குக்கீகளை அனுமதிக்கும் கட்டத்தில் டிக் இல்லை என்று பொருள்.

டேலி, ஸ்கேனர் போன்றவற்றுக்கு ஆப் பாஸ்வேர்ட்தான் வழி. இரண்டு-படிச் சரிபார்ப்பு போட்டிருந்தால்தான் அது கிடைக்கும். கூகுள் கணக்குப் பக்கத்தின் தேடல் பெட்டியில் 'ஆப் பாஸ்வேர்ட்ஸ்' என்று தேடுங்கள். மெனுவில் துழாவினால் சிக்காது. 16 எழுத்து, ஒரே ஒரு முறை காட்டும். டேலிக்கு ஒன்று, ஸ்கேனருக்கு ஒன்று என்று தனித்தனியாக எடுங்கள்.

சொந்த டொமைனில் மெயில் வைத்திருக்கும் பட்டறைகளுக்கு வரும் தொல்லை வேறு. யாரோ ஒருவரின் போனில் பழைய பாஸ்வேர்ட் கிடந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்வரைத் தட்டிக்கொண்டே இருக்கும். பத்து இருபது தப்பு ஆனதும் ஹோஸ்டிங் சர்வர் அந்த இணைப்பின் ஐ.பி. முகவரியையே தடுத்துவிடும். ஆபீஸில் எல்லோரும் ஒரே பிராட்பேண்ட், வெளியே ஒரே ஐ.பி. ஆக, எட்டுப் பேர் மெயிலும் ஒன்றாகப் படுக்கும். கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். லேப்டாப்பை போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் தடுத்திருப்பது ஐ.பி.யை. ஹோஸ்டிங்காரரிடம் ஐ.பி.யை விடுவிக்கச் சொல்லுங்கள், அதற்கு முன் அந்தப் போனைக் கண்டுபிடியுங்கள். இல்லாவிட்டால் மதியத்துக்குள் மறுபடி படுக்கும்.

பாஸ்வேர்டே கேட்காமல் சுற்றிக்கொண்டே நின்றால் சந்தேகப்பட வேண்டியது சர்வரின் வயதை. சர்வரோடு பேசுவதை மறையாக்கும் டி.எல்.எஸ். முறையின் பழைய பதிப்புகளான 1.0, 1.1 இரண்டும் தண்டர்பேர்ட் 78 முதல் அணைக்கப்பட்டே வருகின்றன. உள் அமைப்பில் போய்த் திரும்பத் திறந்துவிடலாம்தான். நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஹோஸ்டிங்கில் 1.2 கேளுங்கள்.

சிஸ்டத்தின் தேதியும் ஒருமுறை பார்க்க வேண்டியதே. பழைய மதர்போர்டில் சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்திருந்தால் கடிகாரம் பின்னுக்குப் போய் சான்றிதழ் பிழை வரும்.

இலவசம், விளம்பரமில்லை, ஐந்தாறு கணக்கைச் சலிக்காமல் தாங்கும் என்பதால் ஓராண்டுக்கு மேல் ஓடும் சிஸ்டங்களிலும் தண்டர்பேர்டைத்தான் வைத்திருக்கிறோம். பழைய விண்டோஸ் மெயில் 2024 டிசம்பர் 31-ஓடு போய்விட்டது. அதன் இடத்தில் வந்த புது அவுட்லுக், ஜிமெயிலையோ சொந்த டொமைன் மெயிலையோ சேர்க்கும்போது மைக்ரோசாஃப்ட் கிளவுடோடு ஒத்திசைக்க அனுமதி கேட்கிறது. படிக்காமல் 'சரி' அழுத்துபவர்களுக்கு அதில் ஆட்சேபம் இருக்காது; எங்களுக்கு உண்டு.

இன்னும் மாறாதவர்கள், டிஸ்கைக் கடையில் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். தண்டர்பேர்டில் ஹெல்ப், ட்ரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன், ப்ரொஃபைல் ஃபோல்டர். இடத்தைப் பார்த்துக்கொண்டு, தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்த ஃபோல்டர் முழுவதையும் வெளி டிஸ்கில் நகலெடுங்கள். பாஸ்வேர்டுகள் 'லாகின்ஸ்.ஜேசன்' ஃபைலில் இருக்கும், அதைத் திறக்கும் சாவி 'கீ4.டிபி'யில். ஒன்றை விட்டு ஒன்றை எடுத்தால் பயனில்லை. புது சிஸ்டத்தில் பழையதைவிடக் குறைந்த பதிப்பைப் போட்டாலும் அந்த ப்ரொஃபைல் திறக்காது. மெயிலைச் சிஸ்டத்துக்கே இறக்கிக்கொள்ளும் பாப் கணக்காக இருந்து, சர்வரில் பிரதி வைக்கவில்லை என்றால், மெயிலே இந்த ஃபோல்டரில் மட்டும்தான் இருக்கிறது. நகலெடுக்காமல் விட்டவர்களுக்கு ஒரே வழி, அதே டிஸ்கை ஃபார்மட் செய்யாமல் போட்டிருந்தால் சி டிரைவில் பழைய விண்டோஸின் ஃபைல்கள் கிடக்கும் 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டர் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்ப்பது. பத்து நாளில் அது தானே அழிந்துவிடும்.