நான்கு வருட ஃபுட் டிரக் மதியச் சாப்பாடு: சமையலில் குறையில்லை, மூடிதான் கெடுக்கிறது

புது அலுவலகத்தில் சேர்ந்த நண்பர் கேட்டார்: "தினமும் வெளியில்தான் மதியம் சாப்பிட வேண்டும். எது கட்டுப்படியாகும், ஃபுட் டிரக்கா, சின்ன ஹோட்டலா?" விலைப்பலகையை அவரே படித்துக்கொள்வார். பலகையில் எழுதாத விஷயம் ஒன்று உண்டு. வாரத்தில் நாலு நாள் வீதம் நான்கு வருடமாக வாங்கியும் தீராத எரிச்சல் அது. அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு டப்பாவில் போட்டு, நாலு பக்கமும் அழுத்தி, காற்றுப் புகாமல் மூடித் தருகிறார்கள்.

வண்டிச் சாப்பாட்டின் பலமே சூடுதான். சிறிய இடம், சில அயிட்டங்கள், கண்ணெதிரே அடுப்பு. 170, 180 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் ஒன்றைப் பொரிக்கும்போது மேற்பரப்பில் உள்ள நீர் ஆவியாகி ஓடுவதால்தான் மேல்தோல் மொறுமொறுப்பாகிறது. உள்ளே இன்னும் ஈரம் இருக்கும். எண்ணெயை விட்டு எடுத்த பிறகும் அந்த ஈரம் ஆவியாக வெளியே வந்துகொண்டே இருக்கும். மூடிவிட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. மூடியின் அடியில் முத்து முத்தாகக் கோத்து, சொட்டி, மறுபடியும் அதே தோலில் இறங்குகிறது. மேசைக்குப் போய்ச் சேரும் பத்து நிமிடத்தில் நமத்துப் போய்விடும். ரொட்டி வகை என்றால் அடிப்பக்கம் சொதசொதவென்று ஆகி, எடுக்கும்போதே பிய்ந்துவிடும். சமைத்தவரின் கைத்திறன் அவ்வளவும் மூடிக்கு அடியில் வீணாகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

வண்டிக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. திறந்த டப்பாவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியாது. குழம்பு சிந்தினால் திட்டு அவர்களுக்குத்தான். கூட்ட நேரத்தில் ஒவ்வொருவரிடமும் மூடவா, வேண்டாமா என்று கேட்டுக்கொண்டிருந்தால் வரிசை நகராது. இதெல்லாம் புரிகிறது. ஆனால் மூடியின் ஓரத்தில் இரண்டு துளை போதும். பொரித்ததை டப்பாவில் போடாமல் காகிதப் பையில் வாய் திறந்தபடி தந்தாலும் போதும். காகிதப் பைக்குச் செலவும் குறைவுதான்.

மூடியால் வரும் இன்னொரு சிக்கல் ருசியோடு நிற்பதில்லை. பன்னிரண்டரை மணிக் கூட்டத்தைச் சமாளிக்க, பதினொன்றரைக்கே சில வண்டிகள் பார்சல் கட்டி அடுக்கிவிடும். சமைத்த சூடான உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்தான் கணக்கு என்கிறது அமெரிக்க வேளாண் துறை. சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துக்கள் வேகவைத்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் அவை முளைத்துப் பெருகி உண்டாக்கும் வாந்தி நச்சு, பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது. "மைக்ரோவேவில் வைத்துக்கொள்ளலாம்" என்பது இங்கே செல்லாது.

முன்கூட்டியே கட்டிய பார்சலை அடையாளம் காண்பது எளிது. மூடி தெளிவாக இல்லாமல் பெரிய பெரிய நீர்த்துளிகளோடு இருக்கும். டப்பாவின் அடியைத் தொட்டால் சுடாது, வெதுவெதுப்பாக இருக்கும். அடுக்கின் மேலிருந்து எடுத்துக் கொடுப்பதே வழக்கம் என்பதால் அடியில் இருப்பதுதான் ஆகப் பழையது. ஒன்றேகால் மணிக்கு மேல் போனால் கைக்கு வருவது அதுவாக இருக்கலாம். அந்த நேரத்தில் "புதுசா போட்டுத் தாங்க, காத்திருக்கிறேன்" என்று கேட்டுவிடுங்கள். கூட்டம் வடிந்திருப்பதால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

டப்பா எந்த வகைப் பிளாஸ்டிக் என்றும் திருப்பிப் பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பாலிப்ரொப்பிலீன், கொதிக்கும் குழம்பைத் தாங்கும். 1 என்றால் பெட் (PET), 70 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பிக்கும். குளிர்ந்த காய்கறிக் கலவைக்குச் சரி, சூட்டுக்கு ஆகாது. 6 என்றால் பாலிஸ்டைரீன், வெள்ளை நுரை டப்பாவும் இதில்தான் சேரும். கொதிக்கும் எண்ணெய்க் குழம்பு ஊற்றினால் உள்பக்கம் நெளிந்துவிடும். சூடும் எண்ணெயும் சேர்ந்தால் அதிலிருந்து ஸ்டைரீன் என்ற வேதிப்பொருள் உணவில் இறங்குவதும் அதிகமாகும்.

இதற்கெல்லாம் நான் கண்ட ஒரே மருந்து சொந்த எவர்சில்வர் டப்பா. இவ்வளவு சின்ன மாற்றம் இவ்வளவு சந்தோஷம் தரும் என்று எதிர்பார்க்கவில்லை. 800 மில்லி முதல் ஒரு லிட்டர் வரை கொள்ளும், உயரம் குறைந்த அகல டப்பாவாக வாங்குங்கள். உயர டப்பாவில் அடியில் உள்ளது மேலே உள்ளதன் எடையில் நசுங்கும், ஆவியும் தாமதமாக வெளியேறும். நடுவில் தடுப்பு இருந்தால் நல்லது. குழம்புக்குத் தனியாகத் திருகுமூடிக் கிண்ணம். பணம் கொடுக்கும் முன்பே டப்பாவை நீட்டிவிட வேண்டும். பார்சல் கட்டிய பிறகு நீட்டினால் அவர்கள் டப்பா வீண், நம் மேல் கோபம்.

வாங்கியதும் மூடியைச் சும்மா மேலே வைத்து மூன்று நாலு நிமிடம் நடங்கள். ஆவி போன பிறகு கிளிப்பைப் போடுங்கள். மூடிக்கு அடியில் ஒரு மெல்லிய பருத்தித் துணியோ டிஷ்யூவோ வைத்தால் மிச்ச ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். சூடாக இருக்கும்போதே இறுக்கி மூடினால் நமத்துப் போவது மட்டுமல்ல, ஆறும்போது உள்ளே ஆவி நீராகி அழுத்தம் குறைந்து, மூடி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்போது கத்தி போட்டு நெம்பாதீர்கள், விளிம்பு வளைந்தால் டப்பா போச்சு. அடிப்பாகத்தை வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்தால் தானாக விடும். ரப்பர் வளையத்தைத் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். பழைய எண்ணெய் வாடை தங்குவது அதன் அடிப்பள்ளத்தில்தான்.

பணக் கணக்கில் கவனிக்க வேண்டியது பார்சல் கட்டணம். பலகையில் சிறிய எழுத்தில் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. மாதம் இருபது நாள் என்று பெருக்கிப் பாருங்கள், மலைப்பாக இருக்கும். சொந்த டப்பாவுக்கு அதைக் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். கழிக்காத இடத்திலும் ஒரு கரண்டி கூட விழும், ஏனென்றால் அளவைத் தீர்மானிப்பது அவர்கள் டப்பாவின் கொள்ளளவு இல்லை. இரண்டு பேர் சேர்ந்து பெரிய அளவு ஒன்றும் வெறும் சோறோ ரொட்டியோ கூடுதலாகவும் வாங்கினால், இரண்டு தனிச் சாப்பாட்டைவிட அநேகமாக மலிவு.

வரிசையைத் தலைகளால் எண்ணாதீர்கள். முன்னால் நிற்கும் ஒருவர் அலுவலகமே சொல்லிவிட்ட எட்டு பார்சலுக்கு நிற்கலாம். ஐந்து நிமிடத்தில் எத்தனை பார்சல் வெளியே போகிறது என்று பாருங்கள். நாலு போகிறது, முன்னால் பன்னிரண்டு ஆர்டர் இருக்கிறது என்றால் பதினைந்து நிமிடம். பன்னிரண்டே காலுக்குள் போவதோ, ஒன்றரைக்கு மேல் போய்ப் புதிதாகப் போட்டுத் தரச் சொல்வதோ நல்லது. இரண்டு பேர் வேலை செய்யும் வண்டியில் முப்பது அயிட்டம் எழுதியிருந்தால் அடுத்த வண்டியைப் பாருங்கள், பாதி உறைபெட்டியிலிருந்து வரும்.

சின்ன ஹோட்டல்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மதிய நேரச் சாப்பாடு என்று தனியாகப் போடுவதுதான் அங்கே விலை படியும், மற்ற அயிட்டத்தைத் தொட்டால் செலவு ஏறும். ருசி சுமாராக இருக்கலாம், பரிமாறத் தாமதமாகலாம். ஆனால் தட்டில் வரும். தட்டுக்கு மூடி கிடையாது.

ருசி, விலை, வேகம் மூன்றிலும் வண்டிக்குத்தான் என் மதிப்பெண். இருந்தாலும் இந்த வாரம் "மூடாதீங்க" என்று மூன்று நாள் சொல்லியும் மூன்று நாளும் அழுத்தி மூடித்தான் தந்தார்கள். அதனால் நண்பருக்கு இன்று என் பதில்: எவர்சில்வர் டப்பா வாங்கும் வரை ஹோட்டலிலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.