2,000 வெள்ளிக்குள் ஒரு ஹார்டுடெயில்: புக்கிட் தீமா வேர்களும் கெத்தாம் பாறைகளும்

சிங்கப்பூரில் மவுண்டன் பைக் வாங்க 2,000 வெள்ளி வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை இதுதான்: பின்பக்க சஸ்பென்ஷனுக்கு ஆசைப்படாதீர்கள். அந்த விலைக்குப் புதிதாக வரும் ஃபுல் சஸ்பென்ஷன் (முன்னும் பின்னும் சஸ்பென்ஷன்) வண்டிகளில் பின்னால் ஒரு ஷாக் சேர்த்த செலவை ஈடுகட்ட, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க், பிரேக், டயர் என்று எல்லாவற்றிலும் கை வைத்திருப்பார்கள். அதே காசுக்கு உருப்படியான ஹார்டுடெயில், அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி, கிடைக்கும். நான் அதைத்தான் வாங்கினேன். ஆண்டிறுதி மழையையும் அதில் பார்த்தாயிற்று. எனக்குப் பரம திருப்தி.

மாடல் பெயரைச் சொல்லிப் பெரிய பயனில்லை. ஒரே பெயரில் அடுத்த வருடம் வேறு பாகங்களோடு வரும். கடையில் பார்க்க வேண்டியது பாகப் பட்டியலைத்தான். என்னுடையது அலுமினிய ஃபிரேம், 29 அங்குலச் சக்கரம், 130 மில்லிமீட்டர் அமுங்கும் ஏர் ஃபோர்க், முன்னும் பின்னும் த்ரூ ஆக்ஸில் (சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் தடித்த அச்சு), ஷிமானோ டியோர் 12 கியர், சீட்டை 125 மில்லிமீட்டர் இறக்கும் டிராப்பர் போஸ்ட். ஹெட் ஆங்கிள், அதாவது ஃபோர்க் சாய்ந்திருக்கும் கோணம், 66 டிகிரி. இந்தக் கடைசி எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. அது 69, 70 என்றிருந்தால் முன்சக்கரம் நமக்கு மிக அருகில் வந்துவிடும். செங்குத்தான இறக்கத்தில் தலைகுப்புற விழுவோமோ என்ற பயம் விடாது. 66-இல் சக்கரம் தள்ளி நிற்கிறது, மனது நிதானமாக இருக்கிறது.

என் உயரம் 162 சென்டிமீட்டர். எஸ், எம் என்ற இரண்டு அளவிலும் உட்காரலாம் என்ற நிலை. கடை அங்கிள் இரண்டையும் வெளியே எடுத்துத் தந்து, கார் நிறுத்துமிடத்தில் எழுந்து நின்று ஓட்டச் சொன்னார். சீட்டில் உட்கார்ந்து அளவு பார்ப்பதைவிட இதுதான் சரியான முறை. காட்டுப் பாதையில் பாதி நேரம் பெடலில் நின்றுதான் ஓட்டுவோம். எஸ் எடுத்தேன். அப்புறம் அவர் ஆலன் கீயால் பிரேக் லீவர்களை என் விரலுக்கு எட்டும்படி உள்ளே திருப்பி வைத்தார். சின்னக் கை உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஒரே ஒரு விரலால் பிரேக் பிடித்தால்தான் மற்ற விரல்கள் ஹேண்டில்பாரை விடாமல் பிடித்திருக்கும்.

குறை என்று பார்த்தால் முதலில் டயர். வண்டியோடு வந்தது கெட்டி ரப்பர், உள்ளே டியூப். ஈர வேரில் அதற்குப் பிடிமானமே இல்லை. கூடுதலாகச் செலவழித்து முன்னால் மென்மையான ரப்பரில் 2.4 அங்குல டயர் போட்டு, இரண்டு சக்கரத்தையும் டியூப்லெஸ் ஆக்கினேன். என் எடைக்குக் காற்றழுத்தம் முன்னால் 19, பின்னால் 22 பிஎஸ்ஐ. வண்டியே மாறிவிட்டது. காற்று குறைவாக இருப்பதால் டயர் வேரின் மேல் படிந்து போகிறது, துள்ளுவதில்லை. ஆனால் நம் ஊர் வெயிலில் உள்ளே ஊற்றும் சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும். கூடவே வந்த சீட்டும் எனக்குச் சரிப்படவில்லை, மாற்றிவிட்டேன்.

புக்கிட் தீமா காட்டைச் சுற்றிப் போகும் ஆறு கிலோமீட்டர் பாதைதான் இந்த வண்டிக்கு உண்மையான பரீட்சை. அங்கே வேர்கள் நேர் குறுக்கே கிடப்பதில்லை, சாய்வாகக் கிடக்கின்றன. அதன் மேல் பிரேக் பிடித்தபடி ஏறினால் முன்சக்கரம் வேரோடு வழுக்கிக்கொண்டே போகும். வேருக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, பிரேக்கை முழுசாக விட்டு, முடிந்தவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும். ஹேண்டிலில் பாரம் கூடாது. முழங்கால், முழங்கை மடங்கியிருக்க, குதிகால் தாழ்ந்திருக்க வேண்டும். கண் சக்கரத்தைப் பார்க்காமல் வேர்க்கூட்டம் முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். இப்படி உடம்பை நகர்த்த இடம் கொடுப்பது டிராப்பர்தான். கட்டைவிரலால் லீவரை அமுக்கி உட்கார்ந்து, லீவரை விட்டுவிட்டு எழுந்தால் சீட் கீழேயே நின்றுவிடும். டிராப்பர் இல்லாத வண்டியை இப்படி வேரும் கல்லும் நிறைந்த டெக்னிக்கல் பாதைக்காக வாங்கவே கூடாது என்பேன்.

ஏற்றத்தில் பின்சக்கரத்தின் 51 பல் கியர் உயிர் காக்கிறது. மெதுவாக, சீராக மிதித்தபடி சீட்டின் முனைக்கு நகர்ந்தால் முன்சக்கரமும் தூக்காது, பின்சக்கரமும் சுழன்று நழுவாது. குலுங்கும் இறக்கத்தில் எனக்கு ஒருமுறைகூடச் செயின் கழன்றதில்லை.

புலாவ் உபின் தீவில் உள்ள கெத்தாம் கதை வேறு. பழைய கருங்கல் குவாரியைச் சுற்றி அமைந்த பூங்கா அது. நீலச் சதுரப் பலகை போட்ட நடுத்தரப் பாதைகளில் வண்டி பறக்கிறது. கடினமான கறுப்பு வைரப் பாதைகளில் வேகம் கூடும்போது பின்சக்கரம் கல்லில் பட்டுக் காலை உதைக்கும். ஹார்டுடெயிலின் எல்லை அங்கேதான் தெரிகிறது. வாராவாரம் மிகக் கடினமான இரட்டை வைரப் பாதையில் குதிக்கப்போகிறவர் இன்னும் காசு சேர்த்து நல்ல ஃபுல் சஸ்பென்ஷனே வாங்கட்டும். மற்றவர்களுக்கு, குறிப்பாக இப்போதுதான் கற்றுக்கொள்பவர்களுக்கு, நான் ஹார்டுடெயிலையே சொல்வேன். சக்கரம் தவறான கோட்டில் போனால் உடனே காலில் தெரியும். சரியான கோட்டைத் தேட அதுவே பழக்கும்.

புது வண்டி வாங்கியவுடன் உபினுக்குக் கிளம்பாதீர்கள். செஸ்ட்னட் இயற்கைப் பூங்காவில் நடப்பவர்களுக்குத் தனிப் பாதை, சைக்கிளுக்குத் தனிப் பாதை. எளிதான பச்சைப் பாதையில் தொடங்கிப் படிப்படியாக ஏறலாம். மழை நின்ற கையோடு போக வேண்டாம், ஈர மண்ணில் டயர் தடம் விழுந்தால் பாதை கெட்டுவிடும். உபினுக்குப் போகும்போது வண்டியை எம்ஆர்டியில் ஏற்ற முடியாது, மடக்கும் சைக்கிளுக்குத்தான் அனுமதி. சாங்கி பாயிண்ட் வரை ஓட்டியோ காரில் கட்டியோ போய், பம்போட் என்ற சிறு படகுக்கு 12 பேர் சேரும்வரை காத்திருக்க வேண்டும். காலையில் சீக்கிரம் போனால் சைக்கிள்காரர்களே கூட்டமாக வருவார்கள், படகு சட்டென்று நிரம்பிவிடும்.