புது கன்டென்சர்: ஓட்டிப் பழக்குவதா, அளந்து மாட்டுவதா?

பழைய ஸ்பீக்கரின் கிராஸ்ஓவரில் (பாஸையும் மேல் சுருதியையும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) புது கன்டென்சர், அதாவது மின்தேக்கி, மாட்டி முதல் பாட்டைப் போட்டதும் மேல் சுருதி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் காதைக் கூச வைக்கும். கேட்டால், "நூறு மணி நேரம் ஓடட்டும்ணே, செட் ஆயிடும்" என்பார்கள். காரைக்குடிப் பக்கம் இது பரவலான வைத்தியம். எனக்கு இதில் பாதி சம்மதம்தான்.

கூசுவதற்குக் காரணம் பெரும்பாலும் பழைய கன்டென்சர்தான். பூட்டியே கிடக்கும் வீட்டின் மாடி அறையில், நம் ஊர் வெயிலில், எலக்ட்ரோலைட்டிக் வகைக் கன்டென்சரின் உள்ளிருக்கும் திரவம் மெல்ல வற்றும். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. வற்ற வற்ற உள் தடை ஏறி ட்வீட்டர் மங்கும். அந்த மங்கலுக்குக் காது பழகிவிடுவதால், சரியான சத்தம் திரும்பும்போது தப்பாகப் படுகிறது. பல நாள் ஓட விட்டால் 'செட் ஆகிவிட்டது' என்று தோன்றுவதில் பெரும்பங்கு, நம் காது புதுச் சத்தத்துக்குப் பழகியதுதான்.

திரவமே இல்லாத, பிளாஸ்டிக் தாளால் ஆன பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் கன்டென்சர் ஓட ஓட மாறும் என்பதை நான் நம்பவில்லை. கடைத் தட்டில் நாள்பட்டுக் கிடந்த எலக்ட்ரோலைட்டிக்கில் மின்சாரத்தைத் தடுக்கும் ஆக்சைடு படலம் மெலிந்திருக்கலாம். மின்னழுத்தம் கிடைத்தால் தேறிவிடும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. பாஸ் தரும் பெரிய ஸ்பீக்கரான ஊஃபருக்குப் புது ஃபோம் விளிம்பு ஒட்டியிருந்தால் கதை வேறு. விளிம்பும், உள்ளே கூம்பைத் தாங்கும் ஸ்பைடரும் இளகும், ஊஃபர் இயல்பாக அதிரும் ஒத்ததிர்வு எண் கொஞ்சம் இறங்கும். அதற்கு ஓட்டம் தேவைதான்.

அப்படி ஓட்டுவதாக இருந்தால் பாட்டை விட, எல்லாச் சுருதியும் கலந்த 'ஷ்ஷ்' இரைச்சலான பிங்க் நாய்ஸ் நல்லது. இரண்டு பெட்டியையும் நேருக்கு நேர் நெருக்கி வைத்து, ஒன்றின் வயரை மட்டும் பிளஸ் மைனஸ் மாற்றி, இரண்டிலும் ஒரே சத்தம் வரும்படி மோனோவில் ஓட விடுங்கள். இரண்டின் பாஸும் ஒன்றையொன்று அடித்துக் குறைத்துக்கொள்ளும், பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு குறையும். சத்தத்தை ஏற்றாதீர்கள், ட்வீட்டருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் சூடாகும்.

நான் சிபாரிசு செய்வது வேறு வழி: கன்டென்சரின் அளவைக் காட்டும் எல்.சி.ஆர். மீட்டரில் அளந்து மாட்டுவது. 8 ஓம் ட்வீட்டருக்குத் தொடராக 4 மைக்ரோஃபாரட் போட்டால் ட்வீட்டர் வேலையைத் தொடங்கும், சத்தம் பிரியும் இடம் சுமார் 5 கிலோஹெர்ட்ஸ். அதே கன்டென்சர் 5 ஆக ஏறியிருந்தால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். காது இதைக் கேட்கும். இடது வலது இரண்டுக்கும் ஒரே அளவு வரும்படி ஜோடி பொறுக்குங்கள். அப்புறம் ஒரு பெட்டியில் மட்டும் மாற்றி, மோனோவில் ஒரே சத்த அளவில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். எது எதுவென்று உங்களுக்குத் தெரியாதபடி வேறொருவர் மாற்றினால் இன்னும் நல்லது.

ஃபிலிமா, எலக்ட்ரோலைட்டிக்கா? பிளஸ் மைனஸ் பார்க்காமல் மாட்டக்கூடிய பைபோலார் எலக்ட்ரோலைட்டிக் மலிவு, சின்னது, பழைய போர்டிலேயே உட்காரும். ஸ்பீக்கர் வடிவமைக்கப்பட்ட குரலுக்குப் பக்கத்தில் நிற்கும். ஃபிலிம் வற்றாது, ஆனால் பல மடங்கு பெரிசு, விலையும் கூட. உள் தடை மிகக் குறைவென்பதால் ட்வீட்டர் தூக்கலாகும். தொடரில் அரை ஓம் அளவு ரெசிஸ்டர் சேர்த்தால் அடங்கிவிடும். வெயிலில் மூடிக் கிடக்கும் வீடு என்றால் என் ஓட்டு ஃபிலிமுக்கே.

அதையும் விடப் பெரிய விஷயம் அறை. எங்கள் பக்கத்து வீடுகளின் ஆத்தங்குடிக் கல் (சிமென்ட் டைல்) தரை, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், உயரமான கூரை எல்லாம் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். பட்டறையில் சரியாக இருந்த பெட்டி வீட்டுக் கூடமான பட்டாலையில் கூசுகிறதென்றால் கன்டென்சரைத் திட்டாமல், தரையில் கனத்த ஜமக்காளம் விரித்து, எதிர்ச் சுவரில் திரை தொங்கவிட்டுக் கேளுங்கள். ரெசிஸ்டர் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.