கேபிள் தேய்ந்ததற்குத் திரையையே மாற்றிய கடை: லேப்டாப்பைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கோலாலம்பூரில் பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கடைவரிசை ஒன்றில், மாடியில் இருக்கும் ஒரு லேப்டாப் கடை எனக்குச் செய்த வேலையை இங்கே எழுதுகிறேன். கடையின் பெயர் இதில் வராது. பெயரை வெளியில் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் பணத்தைத் திரும்ப வாங்கினேன். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவர்கள் காட்டிய கைவேலை எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது.

செந்தூலில் வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கோவில் திருவிழா பேனர் என்று வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். லேப்டாப் வாங்கி மூன்று வருடம் தாண்டி, கம்பெனி வாரண்டி முடிந்த பிறகுதான் திரை மக்கர் பண்ண ஆரம்பித்தது. மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் அடிப்பக்கத்தில் கிடைமட்டமாகக் கோடுகள் ஓடும். இன்னும் சாய்த்தால் முழுக்கக் கறுத்துவிடும். முன்னால் இழுத்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி படம் திரும்பி வரும். சில நாள் தொந்தரவே இருக்காது, அப்புறம் வாடிக்கையாளருக்கு வேலையைக் காட்டும் நேரம் பார்த்து ஆடத் தொடங்கும்.

கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே சிலவற்றைச் சோதித்தேன். எச்டிஎம்ஐ வயரை டிவியில் சொருகினேன். லேப்டாப் திரை துடித்துக்கொண்டிருந்தபோதும் டிவியில் படம் ஆடாமல் அசையாமல் நின்றது. அப்படியென்றால் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் சிப் நன்றாக இருக்கிறது. அடுத்து விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே வருகிற பயாஸ் என்ற அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தேன், அங்கும் துடிப்பு இருந்தது. விண்டோஸின் டிரைவர் மென்பொருள் பழுது என்றால் பயாஸில் வராது. மிஞ்சியது திரை, அல்லது திரைக்குப் போகும் கேபிள். மூடியை அசைத்தால் மட்டும் வருகிற கோளாறு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான்.

மதர்போர்டிலிருந்து கிளம்பும் அந்தக் கேபிள் கீல் வழியாக நுழைந்து திரையின் முதுகில் போய்ச் சேர்கிறது. படமும் அதில்தான் போகிறது, திரையைப் பின்னாலிருந்து ஒளிரவைக்கும் பின்விளக்குக்கு வேண்டிய மின்சாரமும் அதில்தான் போகிறது. மூடியைத் திறக்கும்போதும் மூடும்போதும் கீல் இருக்கும் இடத்தில் அது முறுக்கிக்கொள்ளும். நாளாக ஆக மேலுறை தேய்ந்து உள்ளே கம்பி அறும். 2016இல் வந்த மேக்புக் ப்ரோவில் இந்த இணைப்புப் பட்டை நீளம் போதாமல், மூடியைத் திறந்து திறந்து மூடியதில் பின்விளக்கு கெட்டது என்று பெரிய புகார் கிளம்பியது. 2019இல் ஆப்பிள் 13 அங்குல மாடலுக்கு இலவசப் பழுதுத் திட்டமே அறிவித்தது. ஆக இது ஊர் உலகத்துக்குத் தெரியாத அபூர்வ நோய் இல்லை, பழுது பார்ப்பவர்களுக்கு அன்றாடம் வருகிற கேஸ்.

கடையில் இருந்தவர் நம்மவர்தான், முப்பது வயது இருக்கும். நான் செய்த சோதனைகளை எல்லாம் அவரிடம் சொன்னேன். லேப்டாப்பை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்தார்.

“பேனல் போச்சுக்கா. மாத்தணும். நானூத்தி எண்பது வெள்ளி.”

“மூடியை அசைச்சாத்தானே தம்பி வருது? கேபிளைப் பாத்தீங்களா?”

“பாத்தாச்சுக்கா, கேபிள் நல்லா இருக்குலா. ஒரிஜினல் பேனல் போட்டுத் தரேன், மூணு மாசம் வாரண்டி.”

பேனல் என்று அவர் சொன்னது திரையை, வெள்ளி என்றது ரிங்கிட்டை. கல்யாண சீசன், கையில் வேலை குவிந்திருந்தது. சரி என்றேன். ரசீதில் ‘பேனல் மாற்றம், 480’ என்று எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டேன். பிற்பாடு அந்தத் துண்டுச் சீட்டுதான் என்னைக் காப்பாற்றியது.

திரும்பி வந்த லேப்டாப்பில் துடிப்பு நின்றிருந்தது. இந்த ஏமாற்று வேலை இதை நம்பித்தான் நடக்கிறது. திரையை மாற்ற வேண்டுமென்றால் கேபிளைக் கழற்றி மறுபடி சொருகித்தான் ஆக வேண்டும். அந்தச் சாக்கில் கேபிள் கொஞ்சம் இடம் மாறி உட்காரும், அறுந்த கம்பி ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும், சில வாரம் ஓடும். வாடிக்கையாளர் திரை மாறியதால்தான் சரியாயிற்று என்று நம்பிவிடுவார்.

ஆனால் என் கண்ணில் வேறொன்று பட்டது. ஒரு அழைப்பிதழில் அரக்குச் சிவப்பின் மேல் தங்கக் கரை போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தால் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரிந்தது. நாற்காலியில் சற்றுச் சரிந்தால் கறுத்தது. தண்ணீர் குடிக்க எழுந்து நின்று பார்த்தபோது தங்கக் கரை வெளுத்து, பால் பவுடர் தூவியது போல இருந்தது. முன்பிருந்த திரை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகை. இப்போது உள்ளே இருப்பது டிஎன் வகை, மலிவானது. கணக்கு எழுதுபவருக்கும் கட்டுரை தட்டுபவருக்கும் இந்த வித்தியாசம் சட்டென்று தெரியாது. நிறத்தை வைத்துப் பிழைப்பவளிடம் அதைக் கொடுத்ததுதான் அவர்களுடைய கெட்ட நேரம்.

திரையின் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்க லேப்டாப்பைப் பிரிக்க வேண்டியதில்லை. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மானிட்டர் என்ற பகுதியில் பண்புகளுக்குள் போய், விவரங்கள் பக்கத்தில் ஹார்ட்வேர் ஐடியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு குறியீடு வரும். அதில் MONITOR\ என்பதற்கு அடுத்து வரும் மூன்று எழுத்து பேனல் செய்த நிறுவனம். எல்ஜிடி என்றால் எல்ஜி டிஸ்ப்ளே, ஏயுஓ என்றால் ஏயு ஆப்ட்ரானிக்ஸ், சிஎம்என் என்றால் இன்னோலக்ஸ், பிஓஇ என்றால் அதே பெயர் கொண்ட சீன நிறுவனம். நான் அவ்வப்போது நிறம் சரிபார்க்கும் கருவி வைத்துத் திரையை ஒழுங்குபடுத்துவேன். அந்தப் பழைய பதிவில் எல்ஜிடி என்று இருந்தது. இப்போது பிஓஇ. நிறுவனம் மாறியதே குற்றம் என்று சொல்ல மாட்டேன், அவர்களும் நல்ல ஐபிஎஸ் பேனல் செய்கிறார்கள். ஆனால் இந்தக் குறிப்பிட்ட எண்ணைத் தேடிப் பார்த்தால் டிஎன் என்றுதான் வந்தது.

இதைக் கேட்கப் போகலாம் என்று இருந்தபோதே துடிப்பும் திரும்பிவிட்டது. அதே கோடு, அதே சாய்வு.

இந்த முறை அவர் வேறு பாட்டு பாடினார். மதர்போர்டில் ஐசி (ஒரு சிப்) போய்விட்டது, இன்னும் 350 ரிங்கிட் ஆகும் என்றார். அப்படியானால் முதலில் மாற்றிய பேனல் நன்றாகத்தானே இருந்திருக்கிறது என்று கேட்டேன். அது வேற பிரச்சினை, இது வேற பிரச்சினை என்றார். வாரண்டி பேனலுக்கு மட்டும்தானாம். என்னுடைய பழைய பேனலைக் கொடுங்கள் என்றேன். “தூக்கிப் போட்டாச்சுக்கா” என்றார். கெடாத ஒரு எல்ஜி பேனலை யார் தூக்கிப் போடுவார்கள்? அடுத்த வாடிக்கையாளரின் லேப்டாப்பில் நல்ல விலைக்கு உட்கார்ந்திருக்கும்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். போர்டில் அந்தக் கேபிள் சொருகும் இடம் கெட்டாலும் டிவியில் படம் நன்றாக வந்து லேப்டாப் திரை மட்டும் ஆடலாம். ஆனால் அந்த இடம் விசைப்பலகைக்கு அடியில் இருக்கிறது. மூடியை அசைப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பதில் இல்லை. லேப்டாப்பை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

அப்புறம் புக்கிட் பிந்தாங்கில் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குப் போனேன். மேல்மாடியில் ஒரு சின்னக் கடையில் வயதான சீனர் ஒருவர், நெற்றியில் விளக்கோடு உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பை ஓடவிட்டுக்கொண்டே திரையைச் சுற்றியுள்ள சட்டத்தைக் கழற்றினார். மூடியை அசைக்கவே இல்லை. ஒரு பிளாஸ்டிக் குச்சியால் கீல் பக்கத்தில் கேபிளை மெல்ல அழுத்தினார், கோடு வந்தது. விட்டார், போனது. “இனி கேபல் லா, புக்கான் ஸ்க்ரீன்” (இது கேபிள்தான், திரை இல்லை) என்று மலாயில் சொல்லிவிட்டு என்னை அருகில் கூப்பிட்டுக் காட்டினார். கீலுக்கு நேராக ஒரு துண்டுக் கறுப்பு நாடா, மற்ற நாடாக்கள் எல்லாம் தூசி படிந்திருக்க அது மட்டும் புத்தம் புதிதாகப் பளபளத்தது. இடுக்கியால் உரித்தார். கீழே மேலுறை தேய்ந்து, மயிரிழை மாதிரி செம்புக் கம்பிகள் இரண்டு அறுந்து நின்றன.

முதல் கடைக்காரர் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்து, மேலே நாடா ஒட்டி மூடிவிட்டு, “கேபிள் நல்லா இருக்குலா” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். பணம் போனதைவிட அந்த நாடாவைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது.

படம் எடுத்துக்கொண்டேன். புதுக் கேபிளும் கூலியும் சேர்த்து 110 ரிங்கிட். எது கெட்டிருந்தது, எதை மாற்றினார் என்று ரசீதில் மலாயில் எழுதிக் கொடுத்தார். கழற்றிய கேபிளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, நான் கேட்காமலே கையில் கொடுத்தார்.

முதல் கடைக்காரரிடம் வாட்ஸ்அப்பில் பேசிப் பார்த்தேன். முதலில் பதில் வந்தது, பிறகு நீல டிக் மட்டும், கடைசியில் அதுவும் இல்லை. அதனால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போனேன். திரிபுனல் என்று மலாயில் சொல்கிறார்களே, அதுதான். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. மனு போட 5 ரிங்கிட்தான் கட்டணம், இணையத்திலேயே போடலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். பொதுவாக வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது, நம் வாயாலேயே பேசலாம் என்பது என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய நிம்மதி. இரண்டு ரசீது, நாடாவை உரிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படம், பழைய நிறப் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், அந்தக் கேபிள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தேன். மனுவின் நகல் கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் அவர் பக்கத்திலிருந்தே வந்தது. விசாரணைக்கு முன் 480 ரிங்கிட்டையும் கொடுத்துவிட்டார். அவர் கேட்ட ஒரே நிபந்தனை பெயரைச் சொல்லாதது. பேனல் மட்டும் கடைசிவரை வரவில்லை.

திரைக்கோளாறோடு யாராவது கடைக்குப் போவதாக இருந்தால், முதலில் அந்த ஹார்ட்வேர் ஐடியைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெல் லேப்டாப் என்றால் டி எழுத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டே பவரைத் தட்டினால், பல மாடல்களில் திரை தன்னைத்தானே சோதித்து வெறும் நிறங்களாகக் காட்டும். அந்த நிறங்கள் சுத்தமாக வரும்போது பேனல் போய்விட்டது என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். மூடியை அசைத்தால் வருகிற பழுது என்றால், சட்டத்தை உங்கள் கண்முன்னே கழற்றிக் கேபிளைக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு அதிக நேரம் பிடிக்காது. மறுத்தால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ‘கழற்றிய பழைய பாகம் திருப்பித் தரப்படும்’ என்ற வரியை ரசீதில் எழுதச் சொல்லுங்கள், புதிதாகப் போடும் பேனலின் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். திரை மாற்ற விண்டோஸ் கடவுச்சொல் எதற்கு? என்னிடமும் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை.

லேப்டாப் இப்போது எந்தச் சாய்விலும் கோடு போடுவதில்லை. நிறம்தான் இன்னும் சரியில்லை. என் பழைய எண்ணுக்கு ஈடான ஐபிஎஸ் பேனல் லோ யாட்காரர் சொன்ன விலையில் 390 ரிங்கிட். அதுவரை ஒரு பழைய மானிட்டரைச் சொருகி வைத்துத்தான் பத்திரிகை வேலை பார்க்கிறேன்.